பத்து நிமிடத்துக்குள் கூத்து அடங்காது: மாவட்டக் கலை விழாத் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

இந்த ஆண்டுக் கலை விழாவுக்கு எங்கள் வட்டாரத்து ஜமாக்கள், அதாவது தெருக்கூத்துக் குழுக்கள், கொடுத்த மூன்று புதுக்கூத்து விண்ணப்பங்களையும் நிராகரித்துவிட்டீர்கள். காரணம் ஒரே வரியில் இருந்தது: நாட்டுப்புறக் கலைப் பிரிவில் பாரம்பரிய நிகழ்ச்சிகளுக்கு மட்டுமே அனுமதி, ஒரு குழுவுக்குப் பத்து நிமிடம். நேரில் வந்து கேட்டோம். "புதுசா கதை எழுதினா அது நாடகம். நாடகப் பிரிவுல போய்க் கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "நீங்க கூத்துக்காரங்க, உங்களுக்குத்தான் தனிப் பிரிவு இருக்கே" என்று திருப்பி அனுப்பினார்கள். மனுக் கொடுத்தோம், பதில் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

நான் பாலாற்றுக்கும் செய்யாற்றுக்கும் நடுவில் உள்ள ஊர்க்காரன். மரத்தில் செய்த கிரீடமும் தோளணியும் கட்டி ஆடுகிற கட்டை வேஷம் கட்டுகிறவன். துரியோதனன், கர்ணன், கீசகன் மூன்றும் எனக்குப் பழகிய வேஷங்கள். பங்குனி தொடங்கி ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது நாங்கள் வீட்டில் படுத்துத் தூங்குகிற ராத்திரிகள் குறைவு. பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசி நாள் துரியோதனன் சாகிற படுகளம், தீமிதி. மற்ற மாதங்களில் கருமாதி வீடுகளில், கர்ணன் சாவைச் சொல்லும் கர்ண மோட்சம் ஆடக் கூப்பிடுவார்கள். இந்தப் பழைய கூத்துதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. அதை நாங்கள் கைவிட்டுவிடுவோம் என்று நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் அதே ஆட்கள்தான் இப்போது புதிதாகவும் செய்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் திருப்பி அனுப்பிய விண்ணப்பங்களில் என்ன இருந்தது என்று குழுவில் எல்லோரும் படித்தீர்களா என்பது எனக்குத் தெரியாது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒன்று, விகர்ணனைப் பற்றிய கூத்து. திரௌபதியைச் சபைக்கு இழுத்துவந்து நிறுத்தியபோது, பெரியவர்கள் பலர் வாய்மூடி இருந்த இடத்தில், இது அநியாயம் என்று எழுந்து சொன்னவன் துரியோதனனின் தம்பி விகர்ணன். கர்ணன் அவனைச் சின்னப் பையன் என்று அதட்டி அடக்குகிறான். பிறகு போர் வந்ததும் அதே விகர்ணன் அண்ணன் பக்கம் நின்று பீமன் கையால் சாகிறான். கொன்ற பீமனே அவனுக்காக வருந்துகிறான். எங்கள் ஜமாவில் தலைமுறை தலைமுறையாகத் துகிலுரிதல் கூத்து ஆடியிருக்கிறோம். விகர்ணனுக்கென்று யாரும் தனியாக வேஷம் கட்டியதில்லை. சபையில் நியாயம் பேசியவன் களத்தில் ஏன் அந்தப் பக்கம் போய் நின்றான்? இந்த ஒரே கேள்வியை வைத்து, எங்களுக்குப் பின்பாட்டுப் பாடுகிற ஒரு இளைஞர் ஒரு முழு ராத்திரிக்கான கூத்தை எழுதி முடித்திருக்கிறார். பகலில் அவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். விருத்தம், தரு என்கிற பாட்டு வகைகள், வசனம் எல்லாம் கூத்து முறையில்தான் இருக்கின்றன. கதையை நடத்திச் செல்லும் கோமாளியான கட்டியங்காரன் இருக்கிறான். திரை இருக்கிறது.

அந்தக் கூத்தில் எங்களுக்குள் பெரிய சண்டை வந்தது முகத்துக்கு என்ன நிறம் பூசுவது என்பதில்தான். துரியோதனன் தம்பி என்றால் சிவப்பு என்று மூத்தவர்கள் சொன்னார்கள். நியாயம் பேசுகிறவனுக்குத் துரியோதனன் நிறமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். பேசிப் பேசி ஒரு வழிக்கு வந்தோம். சபைக் காட்சியில் சிவப்பு. விடியற்காலை களத்துக்கு வரும்போது ஒரு கன்னத்துச் சிவப்பை மட்டும் துடைத்துவிட்டு, பாதி முகத்தோடு திரைக்குப் பின்னாலிருந்து வருகிறான். எழுபது வயது தாண்டிய எங்கள் வாத்தியார் அதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், அந்தக் காட்சிக்குத் தாளத்தை மாற்றச் சொல்லி அவரே உட்கார்ந்து மத்தளக்காரருக்குச் சொல்லிக் கொடுத்தார். பாரம்பரியம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாரம்பரியத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

இரண்டாவது, ஏரியைப் பற்றியது. எங்கள் பக்கம் ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் கொஞ்சம். ஏரிதான் விவசாயம். மதகைத் திறந்து அடைத்துத் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த நீர்க்கட்டிகள் பல ஊர்களில் இப்போது இல்லை. வரத்துக்கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, சில இடங்களில் வீட்டுமனையாகிவிட்டது. இதில் கட்டியங்காரனே நீர்க்கட்டியாக வருகிறான். ஏரிக்கு வரவேண்டிய தண்ணீர் எந்த இடத்தில் நின்றுபோனது என்று ஒவ்வொரு ஊராக விசாரித்துக்கொண்டே போகிறான். பாட்டுக்காக வயதானவர்களிடம் போய்க் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கல், மதகு, முறைப்பாசனம் பற்றிக் கேட்டு எழுதினோம். ஒரு ஊரில் கோயில் கூத்து முடிந்த மறுநாள், காசு வாங்காமல் ஏரிக்கரையிலேயே ஆடிப் பார்த்தோம். கூத்து ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் எழுந்து, "கால்வாய் அங்க இல்லப்பா, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம்" என்று திருத்தினார். கட்டியங்காரன் அவரிடமே வழி கேட்டு, அந்தப் பதிலையும் கூத்துக்குள் சேர்த்துக்கொண்டான். ஊர்க்காரர்களும் இப்படிக் கைவைக்க இடம் உள்ள கலை இது.

மூன்றாவது எனக்கு மிக முக்கியமானது. பெண்கள் ஜமா. சிப்காட்டில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள், இரண்டு பேர் கல்லூரியில் படிக்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பழகுகிறார்கள். அவர்களில் மூத்தவர் சின்ன வயதிலேயே முறையாகக் கூத்துப் பயின்றவர். கம்பெனி பஸ் ஊருக்குள் வருகிற நேரத்தில் தொடங்கி, அதே பஸ் அடுத்த ஷிப்டுக்கு வருகிற நேரத்தில் முடிகிற மாதிரி ஒரு கூத்தை அவர்களே சேர்ந்து கட்டியிருக்கிறார்கள். விராட நகரத்தில் சைரந்திரி என்ற பணிப்பெண்ணாக வேலைக்கு நின்ற திரௌபதி அதில் வருகிறாள். வேலைக்குப் போன இடத்தில் கீசகன் போன்ற ஒருவனிடம் மாட்டிக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வது என்று அவள் கேட்கிற பாட்டை நான் கேட்டேன். இத்தனை வருஷமாகக் கீசகன் வேஷம் கட்டுகிறவன் நான். அந்தப் பாட்டுக்கு எதிரே நின்று ஆடுவது லேசான காரியம் இல்லை.

அவர்களுக்காகக் கட்டை செய்கிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செய்வது. காய்ந்தால் லேசாக இருக்கும், உளிக்கு வளைந்து கொடுக்கும். செதுக்கி, காகிதம் ஒட்டி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் பதிப்பார்கள். இருக்கிற புஜக்கட்டை எல்லாம் ஆண்களின் தோளுக்குச் செய்தவை. அந்தப் பெண்கள் கட்டிக்கொண்டு சுற்றி ஆடும்போது கட்டை ஒரு பக்கம் சரிந்து கழுத்தில் உரசியது. கழுத்து சிவந்து போனதைப் பார்த்த ஆசாரி, பழைய கட்டை ஒன்றை வெட்டிப் பார்த்து, உள்பக்கத்தை இன்னும் ஆழமாகக் குடைந்து, அகலத்தைக் குறைத்து, கயிறு போகிற துளையைக் கீழே இறக்கினார். பார்க்கிறவர் கண்ணுக்கு அதே பழைய புஜக்கட்டைதான். ஆனால் தோளில் ஆடாமல் உட்காருகிறது. அவர் இதற்குக் கூலி வாங்கவில்லை. மரத்துக்கு மட்டும் காசு கேட்டார். அந்த மரமும் இப்போது வேலிகளில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் அவர் பெயரை எழுதுவதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

இந்த மூன்றுக்கும் பணம் ஏன் தேவைப்படுகிறது என்று உங்களில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். பழைய கூத்துக்கு ஒத்திகை கிடையாது. வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டால், ஆளுக்கொரு ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அரிதாரம் பூசி, விடிய விடிய ஆடிவிடுவோம். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து மனப்பாடமான கூத்து அது. யாருக்காவது உடம்பு முடியாவிட்டால், வேறு ஜமாவிலிருந்து ஒருவர் வந்து அதே வேஷத்தைக் கட்டிக்கொள்வார். கிடைத்த பணத்தைப் பங்கு போட்டுக்கொண்டு போவோம். புதுக்கூத்து அப்படி இல்லை. எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும், பாட்டு உட்கார வேண்டும், அடவு ஒத்துவர வேண்டும். அந்த நாட்களில் ஒருவருக்கும் பங்கு கிடையாது. ஆட்டோ ஓட்டுகிறவருக்கு அன்றைய ஓட்டம் போகும், கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு லீவு போட்டால் சம்பளம் போகும். முகவீணை என்கிற சின்னக் குழல் வாத்தியம் வாசிக்கிறவர்கள் எங்கள் வட்டாரத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை ஒத்திகைக்கு நிறுத்தினால், அவர் வேறு ஒரு ஊர்க் கூத்தை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பழைய கூத்தில் சம்பாதித்ததைப் போட்டுத்தான் இதுவரை புதுக்கூத்தைக் கட்டியிருக்கிறோம். இன்னும் எத்தனை நாள் அப்படிச் செய்ய முடியும் என்று தெரியவில்லை.

சரி, நீங்கள் தருகிற பத்து நிமிடத்தில் என்ன நடக்கிறது? போன விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். அரிதாரம் பூசிக் கட்டை கட்டி முடிக்கவே இரண்டு மணி நேரம் பிடிக்கும். கட்டையை இறுக்கிக் கட்டிவிட்டால் சாய்ந்து உட்கார முடியாது. அந்தக் கோலத்தில் எங்களை வாசலில் நிறுத்தி, விருந்தினர் கார் வரும்போது ஆடச் சொன்னீர்கள். வெயிலில் நின்றோம். மேடைக்குக் கூப்பிட்டபோது திரை பிடித்து, கர்ணன் திரைக்குப் பின்னால் பாட ஆரம்பித்தான். வேஷக்காரன் முதலில் திரைக்கு மேலே கிரீடத்தை மட்டும் காட்டி, பிறகு முகத்தைக் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சபைக்கு வருவான். அவன் திரையை விட்டு வெளியே வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அடுத்த குழு பக்கத்தில் தயாராக நின்றது. பறையாட்டக்காரர்களுக்கும் அன்று இதே கதிதான். எங்களுக்கு வரவேண்டிய பணம் பல மாதம் கழித்து, நடுவில் ஒருவர் கை வழியாக, குறைந்து வந்தது.

அந்த விழா அழைப்பிதழிலும் பேனரிலும் பெரிதாகப் போட்டிருந்தது கூத்து முகம்தான்.

பாரம்பரியம் மாறக் கூடாது என்பது உங்கள் வாதம் என்றால், எந்த ஆண்டுப் பாரம்பரியம் என்று கேட்கிறேன். தீவட்டி வெளிச்சத்தில் ஆடிய கூத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வந்தது, அப்புறம் ட்யூப் லைட் வந்தது. ஆர்மோனியம் வந்து எங்கள் சுதியையே மாற்றியது. தெருக்கூத்தில் பேர்போன புரிசை ஊர்த் தம்பிரான் பரம்பரையினர் பாரதமும் ஆடுவார்கள், ஜெர்மன் நாடக ஆசிரியர் பிரெக்டின் நாடகத்தையும் கூத்தாக ஆடினார்கள். 1977இல் நாடக ஆசிரியர் ந. முத்துசாமி சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியதற்குப் பின்னால், அவர் பார்த்த புரிசை நடேசத் தம்பிரானின் கூத்து இருந்தது. நகரத்து நவீன நாடகம் எங்களிடம் வந்து எடுத்துக்கொண்டு போனபோது அது புதுமை என்று பாராட்டப்பட்டது. நாங்கள் எங்கள் ஊரிலேயே அதைச் செய்தால் விதியில் இடமில்லை என்கிறீர்கள். பெண் வேஷத்தை ஆண்கள்தான் கட்டுவது வழக்கம் என்று பெண்கள் ஜமாவிடம் சொல்லியிருக்கிறீர்கள். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் ராஜகோபாலும் ஆய்வாளர் ஹன்னே டி புருயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில், சிறுமிகள் ஆண் பிள்ளைகளோடு சேர்ந்து கட்டை கட்டி ஆடி வளர்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்ச் செய்திதான் இது. விசாரித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. பிள்ளைகள் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் உதவி வாங்கியவர்கள் எங்களில் உண்டு. வாத்தியக் கருவியும் அணிகலனும் வாங்க உதவி கிடைத்தவர்களும் உண்டு. இதெல்லாம் தேவை, தொடர வேண்டும். ஆனால் ஒரு கலைஞர் இந்த வருஷம் என்ன புதிதாகச் செய்கிறார் என்று யாரும் எங்களைக் கேட்பதில்லை. எங்களை நலிந்தவர்களாகப் பார்க்கத் தெரிகிறது, எழுதுகிறவர்களாகவும் யோசிக்கிறவர்களாகவும் பார்க்க மட்டும் கடினமாக இருக்கிறது. ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து விருத்தம் எழுதுகிற அந்தப் பையன் நலிந்தவர் இல்லை ஐயா. அவருக்குத் தேவை ஒரு கூரை, ஒரு மாத ஒத்திகைக்கான கூலி, முழுக்கூத்தையும் பார்க்கிற ஜனம்.

ராத்திரி நேரக் கட்டுப்பாடு உங்கள் கையில் இல்லை என்பது தெரியும். ஒலி மாசு விதிகள் 2000இன்படி ராத்திரி 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதே விதியில், கலாசார, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் ஸ்டேஷனுக்கு அனுமதி கேட்டுப் போனால் எங்களையும் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்காரர்களையும் ஒரே தட்டில் வைத்துத்தான் பேசுகிறார்கள். கூத்து வேறு என்று ஒரு கடிதம் உங்களிடமிருந்து போனால் அந்தப் பேச்சு மாறும்.

நாங்கள் கேட்பவை இவைதான்.

நிராகரித்த மூன்று விண்ணப்பங்களையும் திரும்ப எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்தால், எந்தக் கூத்து, எதனால் வேண்டாம் என்று தனித்தனியாக எழுத்தில் சொல்லுங்கள். படிக்கிற குழுவில் கூத்துக் கலைஞர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். இப்போது உள்ள குழுவில் அரிதாரம் பூசிய அனுபவம் உள்ள ஒருவர்கூட இல்லை.

விண்ணப்பப் படிவத்தில் நாட்டுப்புறக் கலைக்குள்ளேயே புதிய படைப்பு என்று ஒரு பிரிவைச் சேருங்கள். அதில் எழுதியவர், பாட்டுக் கட்டியவர், கட்டை செய்தவர், வாத்தியக்காரர் எல்லோருக்கும் பெயர் எழுத இடம் வேண்டும். அந்தப் பிரிவில் ஒரு கூத்துக்குக் குறைந்தது ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். அது மாவட்டத் தலைநகரத்து மைதானத்தில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. விழாவின் ஒரு நாளை ஒரு கிராமத்துக் களத்துக்கு மாற்றுங்கள். மேடை, பந்தல் செலவு குறையும், அந்தப் பணத்தை ஒத்திகைக்குக் கொடுக்கலாம்.

தேர்வாகிற புதுக்கூத்துக்கு ஒத்திகைக் கூலி கொடுங்கள். அது ஒவ்வொரு கலைஞரின் வங்கிக் கணக்குக்கும் நேராகப் போக வேண்டும். விழாச் சம்பளமும் அப்படியே, நிகழ்ச்சி முடிந்த முப்பது நாளுக்குள். பழைய கூத்து மட்டும் ஆடுகிற ஜமாக்களுக்கும், மற்ற எல்லாக் கலைக்குழுக்களுக்கும் இது பொருந்த வேண்டும். வேஷம் கட்டியவர்களை வாசலில் நிறுத்தி வரவேற்புக்கு ஆடச் சொல்வதை இந்த ஆண்டோடு நிறுத்துங்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை மாதங்கள். கோயில் கூத்து அவ்வளவாக இருக்காது. நாங்கள் எல்லோரும் ஓரிடத்தில் கூட முடிவது அப்போதுதான். அந்த மூன்று மாதமும் எங்கள் ஒன்றியத்தில் பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடங்களில் ஒன்றை, சனி, ஞாயிறுகளிலும் வேலை நாட்களில் சாயங்காலத்துக்குப் பிறகும், வாடகை இல்லாமல் எங்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு செய்யுங்கள். விளக்கும், பெண்களுக்குக் கழிப்பறையும் இருந்தால் போதும். தைக்குப் பிறகு தருகிற அனுமதி எங்களுக்குப் பயன்படாது. அதற்குள் ஆளாளுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிவிடுவோம். ஆகவே புரட்டாசி முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
பாலாறு, செய்யாறு வட்டாரக் கூத்து ஜமாக்களின் சார்பில்,
ஒரு கட்டை வேஷக்காரன்